பக்கத்தில் நின்றதாகச் சொல்லாதே

சீவலப்பேரி,
கார்த்திகை மாதம், திங்கட்கிழமை.

அன்பு மகள் கலையரசிக்கு, உன் அப்பா காசிலிங்கம் சொல்ல, உன் சித்தப்பா இசக்கிமுருகன் எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அங்கே பெங்களூரில் நீயும் மருமகன் பெருமாள்ராஜும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை நீ அழுதுகொண்டே போனில் பேசினாய், நான் பதில் சொல்ல வாயெடுத்ததும் பாதியில் வைத்துவிட்டாய். அதனால்தான் காகிதம். காகிதத்தைப் பாதியில் வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம். இசக்கி டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன், எழுத்து நன்றாக இருக்கும். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, வெளியூர்ல இருக்க பொம்பளப் பிள்ளைக்கு இம்புட்டு காரம் வேணுமா" என்றான். "பஸ்ல ஏறுனவனுக்கெல்லாம் டிக்கெட்டு கிழிச்சுக் குடுத்தியா, புத்தி சொல்லிக்கிட்டு இருந்தியா? எழுதுலே" என்றேன். எழுதுகிறான்.

வெள்ளிக்கிழமை உன் நர்சிங் காலேஜில் விசாரணை என்றாய். நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். உன் பொறுப்பில் வார்டுக்கு வந்த சுகிர்தா என்ற பிள்ளை, சங்கரன்கோயில் பக்கத்தவள், தனியாக ஒரு நோயாளிக்கு இடுப்பில் ஊசி போட்டிருக்கிறாள். அது நரம்பில் பட்டு அந்த மனுஷனுக்கு ஒரு கால் பாதம் தொங்கிப்போய்விட்டது. அவன் பெண்டாட்டி கேட்டதற்கு, நான்தான் போட்டேன், எங்கள் டீச்சர் பக்கத்தில் இல்லை என்று அவள் உள்ளதைச் சொல்லிவிட்டாள். படிக்கிற பிள்ளை ஊசி பிடித்தால் டீச்சர் கூடவே நிற்க வேண்டும் என்று நீதான் எனக்கு முன்னே சொல்லியிருக்கிறாய். நீ அந்த நேரத்தில் ஆபீசில் உட்கார்ந்து, அடுத்த வருஷச் சேர்க்கைக்குப் பிள்ளை பிடிக்க ஊர் ஊராகப் போன் போட்டுக்கொண்டிருந்தாய். காலேஜ்காரன் கொடுத்த வேலை அது. "நான் பக்கத்துல நின்னேன், சொல்லியும் கேக்காம குத்திட்டான்னு சொன்னா அந்தப் பிள்ள போயிருவாப்பா. நிக்கலன்னு சொன்னா நான் போயிருவேன்." நீ சொன்னது இதுதான், ஒரு சொல் மாற்றவில்லை. அதோடு, "அவ சின்னப் பிள்ளதான, வேற எதாவது படிச்சுக்கிடுவா" என்றும் சொன்னாய். அந்த ஒரு சொல்லுக்குத்தான் இந்தக் கடிதம்.

தாமிரபரணிக்குப் புஷ்கரம் வந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தூத்துக்குடியில் சுட்டார்களே, அதே வருஷம். வைகாசியில் அது, புரட்டாசி முடிய இது. நூற்று நாற்பத்து நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற முழுக்கு என்று சொல்லி, சித்தாறு வந்து சேர்கிற நம் துறையில் கால் வைக்க இடம் இல்லாமல் ஜனம் வந்தது. வந்தவர்கள் பாவத்தை ஆற்றில் விட்டார்கள், பாட்டிலை மணலில் விட்டார்கள். கூட்டம் போன பிறகு துணி துவைக்கப் போன உன் அம்மா தங்கத்தாய் காலில் அந்தக் கண்ணாடி ஓடு ஏறியது. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு நாற்று நடப் போனாள். கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிய பிறகுதான் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த ஆஸ்பத்திரி பேர் எழுத வேண்டாம், உனக்குத் தெரியும். நர்சிங் காலேஜும் அவர்களே நடத்துகிறார்கள். பொம்பளை வார்டில் கட்டில் ரெண்டு வரிசை, ஒரு வரிசைக்குத் தலைமாடு வடக்குச் சுவர், எதிர் வரிசைக்குத் தெற்குச் சுவர். உன் அம்மாவுக்குக் கிடைத்தது வடக்கு. "வாராத வாழ்வு வந்தாலும் வடக்க தல வைக்கக் கூடாது, நான் இதுல படுக்க மாட்டேன்" என்று உட்கார்ந்தே இருந்தாள். கால்மாட்டில் தலையை வைத்துப் பார்த்தாள், டிரிப் எட்டவில்லை என்று நர்ஸ் வந்து திருப்பிப் படுக்க வைத்தாள். எதிர்க் கட்டிலில் புன்னக்காயல்காரி லூர்தம்மாள் இருந்தாள், சீனி வியாதிக்காரி, காலில் ஆறாத புண். அவள்தான், "ஏ அக்கா, எங்க மாதா எல்லாத் தெசையிலயும் இருக்கா, நான் அங்கன வாரேன், நீ இங்கன வந்து படு" என்றாள். ரெண்டு பேரும் தலையணையும் தூக்குச்சட்டியுமாக மாறிக்கொண்டார்கள். நம்பர் சுவரில் எழுதியிருந்தது. அது மாறவில்லை. கட்டில் மாறினால் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

மறுநாள் காலையில் உன் அம்மாவுக்குக் காலைக் கீறிச் சீழ் எடுக்க வேண்டும் என்று பச்சைத் தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை. படிக்கிற பிள்ளை ஒருத்தி தட்டில் ஊசி எடுத்துக்கொண்டு வந்தாள். ஒல்லியான பிள்ளை, மேல்துணி தொளதொளவென்று கிடக்கும். அவளோடு டீச்சர் யாரும் வரவில்லை. கட்டில் பக்கத்தில் வந்து, "பாட்டி, உங்க பேரு" என்று வாயெடுத்தாள். அதற்குள் வார்டு நர்ஸ் உலகம்மாள் சிஸ்டர் வாசலில் இருந்து, "ஏ பிள்ள, அங்கன என்ன ஜாதகமா பாக்க? டாக்டர் வந்துருவாரு, வெரசா போட்டுட்டு வா" என்று சத்தம் போட்டாள். அந்தப் பிள்ளை சுவர் நம்பரைப் பார்த்தாள், போட்டுவிட்டாள். உன் அம்மா வாய் சும்மா இருக்குமா, "என்ன ஊசி மக்ளே" என்றாள். "சுகர் ஊசி பாட்டி." "எனக்கா? சீனி வாங்கவே யோசிக்கவ நான், எனக்கு சீனி வியாதி எங்க இருந்து வந்தது" என்று சிரித்தாள். எதிர்க் கட்டிலில் இருந்து லூர்தம்மாள், "ஏ, எனக்குள்ளதயா அவளுக்குப் போட்ட" என்றாள். அந்தப் பிள்ளை முகம் வெளிறிப்போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஓடிப்போய் சிஸ்டரிடம் சொன்னாள். சிஸ்டர் பைய, யாருக்கும் கேட்காத மாதிரிதான் சொன்னாள், ஆனால் அப்போது எனக்குக் காது நல்ல காது. "வாய மூடு. நீ சொன்னா உனக்கும் எனக்கும் சேத்துத்தான் வரும். காப்பில ரெண்டு கரண்டி சீனி கூடப் போட்டுக் குடுக்கச் சொல்லு, ஒண்ணும் ஆவாது." உன் அம்மா வெறும் வயிற்றுக்காரி, காப்பியே ஆகாது என்பது சிஸ்டருக்கு நினைவில்லை. நாற்பது கட்டிலுக்கு ஒருத்தி, கால் வீங்கிப்போய்த்தான் அவளும் நடப்பாள், நான் அவளைப் பேய் என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளை வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு என்னிடம் வந்தாள். "தாத்தா, தப்பு ஊசி போட்டுட்டேன். பாட்டிக்கு சர்க்கரை எறங்கிரும். நான் டாக்டரக் கூட்டிட்டு வாரேன், அதுவரைக்கும் அவங்கள தூங்க விடாதீய, பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க." சொல்லிவிட்டு ஓடினாள். சிஸ்டர் கையை நீட்டித் தடுத்தாள், அவள் குனிந்து அந்தக் கைக்கு அடியில் போனாள். டாக்டர் வருவதற்குள் உன் அம்மா வேர்த்து நனைந்து, என்னைப் பார்த்து யாரு என்று கேட்டுவிட்டாள். நாற்பது வருஷம் கூடக் குடித்தனம் செய்தவள் என்னை யாரு என்று கேட்டாள். பிறகு குளுக்கோஸ் ஏற்றி, மத்தியானத்துக்கு மேல் "ஏங்க, பசிக்கி" என்றாள்.

இது வரைக்கும் உனக்குத் தெரியாதது இல்லை. அடுத்ததும் தெரியும், ஆனால் நீ அதை எனக்குச் சொல்கிற விதம் வேறு. நீ ரயிலேறி வந்தாய். அப்போது உனக்கு இந்த டீச்சர் வேலை, டியூட்டர் என்பீர்களே, அது புதுசு. அந்தக் காலேஜ் பிரின்சிபால் பெரிய அம்மாவிடம் போய் இங்கிலீஷில் பேசினாய். பேர் கேட்காமல் ஊசி போட்டவள் நர்ஸாக வர லாயக்கில்லை, அவளை நீக்காவிட்டால் வழக்குப் போடுவேன் என்றாய். கட்டிலில் கிடந்த உன் அம்மா, "ஏ பிள்ள, அவள விட்டுரு, அவ ஓடலன்னா நான் எப்பவோ போயிருப்பேன்" என்றாள். நான், "மக்ளே, கேக்கத்தான் வந்தா, கேக்க விடல" என்றேன். "உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது, பேரு கேக்குறது மொத பாடம்" என்று எங்கள் வாயை அடைத்தாய். விசாரணை வைத்தார்கள். உலகம்மாள் சிஸ்டர், நான் பேர் கேட்கச் சொன்னேன், அவள் கேட்கவில்லை என்றாள். வார்டு பக்கமே வராத அவர்களுடைய டீச்சர் எழுந்து, நான் பக்கத்திலேயே நின்றேன் என்றாள். நான் கட்டில் மாறினதையும் சொன்னேன், சிஸ்டர் விரட்டினதையும் சொன்னேன், டீச்சர் வரவே இல்லை என்பதையும் சொன்னேன். பெரிய அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பெரியவருக்கு அந்த நெருக்கடியில் சரியாக ஞாபகம் இருக்காது என்றார். எனக்கு ஞாபகம் இருக்காதாம். நான் எந்த வயலில் எந்த வருஷம் என்ன நெல் நட்டேன் என்று வரப்பு வரப்பாகச் சொல்வேன். கட்டில் மாறினது எங்கள் தப்பு, எங்களை யாரும் எங்கிருந்தும் நீக்கவில்லை. சிஸ்டர் வேலையில் இருந்தாள், டீச்சர் வேலையில் இருந்தாள். பொய் சொன்ன ரெண்டு பேரும் மறுநாளும் வெள்ளைத் துணி உடுத்திக்கொண்டு வந்தார்கள். உள்ளதைச் சொன்னவளைப் பெட்டியைத் தூக்க வைத்து அனுப்பினார்கள். நீயும் அன்றைக்கு ராத்திரி வண்டிக்கே பெங்களூர் போய்விட்டாய்.

ஊர்ச் சங்கதியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இசக்கிக்குப் பேனா ஓடாது. பாபநாசத்தில் தண்ணீர் திறந்து பிசான நடவு முடிந்துவிட்டது. எல்லாம் மெஷின் நடவுதான், எங்களைப் போல ஆட்களை வரப்பில் நின்று பார்க்கக் கூப்பிடுகிறார்கள். வீட்டின் மேற்கு மூலையில் ஒழுகுகிறது, ஓடு மாற்ற ஆள் சொல்லியிருக்கிறேன். உன் அத்தை கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தவள் போன வாரம் தானாக வந்து மொச்சைக் குழம்பு கொடுத்துவிட்டுப் போனாள். குழம்பில் உப்பு இல்லை, கோபம் தீர்ந்த மாதிரியும் இல்லை. இசக்கியின் மகளுக்கு ஐப்பசியில் கல்யாணம் முடிந்தது. நீ வரவில்லை, லீவு கிடைக்கவில்லை என்றாய், சரி. அந்தக் கல்யாணத்துக்கு அப்பளம் சொல்ல நானும் இசக்கியும் கல்லிடைக்குறிச்சி போயிருந்தோம். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஒரு வீட்டு மாடியில் பெண்கள் பாய் விரித்து அப்பளம் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் படியேற முடியாமல் கீழேயே நின்றேன். மேலே இருந்து ஒரு குரல், "தாத்தா, பாத்து, படி வழுக்கும்" என்றது. முகம் மாறிவிட்டது, குரல் மாறவில்லை. நான் அண்ணாந்து பார்த்து, "நீ அந்த ஊசி போட்ட பிள்ளைல்லா" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தேன். மற்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையில் ஒட்டியிருந்த உளுந்து மாவைத் தட்டிவிட்டு இறங்கி வந்தாள். மலை மேல் தேயிலை எஸ்டேட்டில் இருந்த குடும்பம், இப்போது இறங்கி வந்து இங்கே வாடகைக்கு இருக்கிறார்கள். "பாட்டி இருக்காங்களா" என்றாள். இல்லை, போய் மூன்று வருஷம் ஆகிறது என்றேன். "அந்தக் கால்லயா?" "இல்ல மக்ளே, கால் ஆறிருச்சு. நாலு வருஷம் நடவுக்குப் போனா. பெறகு மூச்சுல போனா." நாலு வருஷம் என்றதும் அவள் என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தாள். "அப்ப சொன்னது வீணாப் போகல" என்றாள். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை.

வேறு காலேஜில் சேரவில்லையா என்று கேட்டேன். சிரித்தாள், கசந்த சிரிப்பு. "எங்க போனாலும் ஏன் அங்க இருந்து வந்தன்னு கேப்பாங்க. சொன்னா சேக்க மாட்டாங்க. சொல்லாம சேந்தா பெறகு தெரிஞ்சு அனுப்புவாங்க. பொய் சொல்ல வரலன்னுதான் அங்க இருந்தே அனுப்புனாங்க, இன்னொரு எடத்துல போயி எப்படி சொல்ல?" கல்யாணப் பேச்சு வந்தபோதும், நோயாளியைச் சாகடிக்கப் பார்த்த பிள்ளை என்று யாரோ சொல்லிக் கலைந்ததாம். இசக்கி பேச்சை மாற்ற, "நல்லா அப்பளம் இடுதியே தாயி" என்றான். "இதுக்குப் பேரு கேக்க வேண்டாம்லா, எந்த நம்பர்ல போட்டாலும் காயும்" என்றாள். இசக்கிக்கு முகம் செத்துவிட்டது. நாங்கள் கிளம்பும்போது ஒன்று கேட்டாள். "உங்க மக நல்லா இருக்காங்களா தாத்தா? டியூட்டராத்தான இருக்காங்க?" ஆமாம் என்றேன். "நல்லா இருக்கட்டும். அவங்ககிட்ட படிக்கிற பிள்ளைங்களாவது நல்லா இருக்கட்டும்." வாழ்த்துதான். ஆனால் பஸ்ஸில் வீடு வரும் வரைக்கும் அது என் காதிலேயே இருந்தது. வேற எதாவது படிச்சுக்கிடுவா என்றாயே, இதுதான் அந்த வேறு படிப்பு.

இப்போது உன் விஷயம். சுகிர்தா ஊசி போட்டது தப்புதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. கால் போன மனுஷன் பேரை நீ எனக்குச் சொல்லவே இல்லை, கொத்தனாரோ டிரைவரோ, அவன் வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்று நீ விசாரித்தாயா? தெரியாத கையில் ஊசியைக் கொடுத்து வார்டில் விட்டுவிட்டுப் போனது யார்? உன்னை ஆபீசில் உட்கார வைத்தது யார்? அதைச் சொல். காலேஜ்காரன் சொன்னான், போனேன், அவள் பக்கத்தில் நான் இல்லை என்று சொல். அவனுக்கும் ஒரு பங்கு போகட்டும். அன்றைக்கு அந்த டீச்சர் சொன்ன அதே வாக்கியத்தை வெள்ளிக்கிழமை நீ சொல்லப் போகிறாய், அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மாவுக்காக ஒரு பிள்ளையின் படிப்பைக் கெடுத்தாய், அன்றைக்குத் தாய்ப்பாசம் கண்ணை மறைத்தது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். இதை என்னவென்று சொல்லிக்கொள்வேன்? நல்லபடியாக முடிய சுடலைக்கு ஒரு கிடாய் நேர்ந்துகொள்ளுங்கள் என்றாய். நேர மாட்டேன். சுடலை காவல் தெய்வம், உன் வக்கீல் இல்லை. இந்த இடத்தில் இசக்கி பேனாவை வைத்துவிட்டு, "அண்ணாச்சி, வீட்டுக் கடன் இருக்கு, பிள்ள படிக்குதான், வேல போனா அவ என்ன செய்வா" என்கிறான். போனால் கஷ்டம்தான். நான் லேசாகச் சொல்லவில்லை. ஆனால் உனக்குப் படிப்பு இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, இன்னொரு ஆஸ்பத்திரி கதவு உனக்குத் திறக்கும். அந்தப் பிள்ளைக்குத் திறக்காது, நான் பார்த்துவிட்டு வந்தேன். தைப் பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாய். உள்ளதைச் சொல்லிவிட்டு வேலை இல்லாமல் வந்தால் ஒழுகுகிற மூலையில் நான் படுத்துக்கொள்கிறேன், நீங்கள் நல்ல இடத்தில் படுங்கள். பொய்யைச் சொல்லிவிட்டு வேலையோடு வருவதானால் பேரனை மட்டும் மருமகனோடு அனுப்பு.

பேரனுக்குக் காதுவலி என்றாயே, எண்ணெய் விடாதே, டாக்டரிடம் காட்டு. நீயும் இருமலோடு பேசினாய், சுக்கு போட்டுக் குடி. கோபத்தில் சொன்னாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், உன் குடும்பம் தழைக்க வேண்டும், உன் வாயில் நல்ல சொல் வர வேண்டும். விசாரணை முடிந்ததும் எத்தனை மணியானாலும் போன் பண்ணு. என்ன சொன்னாய் என்பதை மட்டும் சொல், என்ன ஆயிற்று என்பதைப் பிறகு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா காசிலிங்கம், இடது கைப் பெருவிரல் ரேகை.

ரேகை வைத்த பிறகு இன்னும் கொஞ்சம். அன்றைக்குக் காலையில் அந்த ரெண்டு கட்டிலையும் சுற்றி நாலு பெண்கள் இருந்தார்கள். லூர்தம்மாள் கொரோனா வந்த முதல் வருஷம் போனாள், மண் போடக்கூட ஆள் விடவில்லை என்று அவள் மகன் போனில் அழுதான். உலகம்மாள் சிஸ்டர் மறு வருஷம் அதே வார்டில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ச்சல் கண்டு போனாள், அதற்கு நான் கும்பிடுகிறேன். உன் அம்மா போனது உனக்குத் தெரியும். மிச்சம் இருப்பது ஒருத்தி. ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட நீ அவள் பேரை என்னிடம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அந்த அறைக்குள் போகும்போது அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகிறாள், உயிரோடு இருக்கிறாள், பேர் டார்லின்.